உறுத்துகிற தையல்

ஒரு தங்கும் விடுதியில் இருபத்தேழு பேர் ஒரே காலையில் கன்னத்தில் கோட்டோடு எழுந்தார்கள். காரணம் என் அத்தை.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அந்த விடுதியின் துணி அறையில் தையல் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தலையணை உறையெல்லாம் மொட்டையாக இருக்கிறது, ஏதாவது அழகு செய் என்று மேனேஜர் சொன்னார். அத்தை தையல் மெஷினோடு வந்திருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். அதுவரை யாரும் தொடாத ஒரு கருவியை எடுத்து மெஷினில் மாட்டினாள். நாற்பது உறைகளில் தடித்த நூலால் ஒரு கோடு போட்டாள். எங்கே போடக் கூடாதோ சரியாக அங்கே, நட்டநடுவில். மறுநாள் காலை சாப்பிட இறங்கி வந்தவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு மேனேஜர் நேராகத் துணி அறைக்கு வந்தார்.

"வேலையை விட்டு அனுப்பியிருந்தாக்கூட பரவாயில்ல. நாப்பதையும் பிரின்னுட்டார்," என்று அப்பா இந்தக் கதையை முடிப்பார். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், அப்பாவுக்கு இந்தக் கதை வந்துவிடும். தன் அக்காவுக்கு அவர் வைத்த பெயரே 'கன்னக்கோடு'தான். போனை எடுத்தவுடன் "என்ன கன்னக்கோடு, சாப்பிட்டியா?" என்பார். அத்தை பதிலுக்கு, "நீ ஓட்டின பஸ்ல போனவங்களுக்கு உடம்பு பூரா கோடு. நான் ஏதாவது சொன்னேனா?" என்பாள்.

அத்தை அந்தத் துணி அறையில் முப்பத்தாறு வருடம் இருந்தாள். தரைத்தளத்துக்கும் கீழே, சலவை இயந்திரங்களுக்கு அடுத்த அறை. ஜன்னல் கிடையாது. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கேதான் லிப்ட் ஓட்டிய மாமாவைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். "என்னோட ஆள் ஏறிப் போனாலும் கடைசில கீழ வந்துதானே ஆகணும், எங்க போயிடப் போறார்," என்று அந்தக் காதலைப் பற்றி அத்தை சொல்வாள். மாமா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. குழந்தைகள் இல்லை.

அவளுடைய மெஷின் கறுப்பு. உடம்பில் தங்க நிறத்தில் கொடி வரைந்திருக்கும். கை படும் இடத்தில் கொடி அழிந்துபோய் வெறும் கறுப்பாக இருக்கும். பழைய மெஷின், நேர்கோடு ஒன்றுதான் போடத் தெரியும். ஊசி இடமோ வலமோ நகராது. ஆனால் அந்தத் தகரப் பெட்டியில் இருந்த இன்னொரு கருவியை மாட்டினால், அது துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆட்டும். உள்ளே போடும் இரும்புச் சில்லைப் பொறுத்து ஆட்டம் மாறும். ஒரு சில்லுக்கு அலை, ஒரு சில்லுக்குப் படிக்கட்டு, ஒன்றுக்கு அம்பு, ஒன்றுக்குப் பிறை. ஊசி நின்ற இடத்திலேயே நிற்க, துணி ஆடி ஆடித் தன்மேல் தானே படம் வரைந்துகொள்ளும். பல் டாக்டர் வைத்திருக்கும் சாமான்கள் மாதிரி இருக்கும் என்பதால் வீட்டில் அந்தப் பெட்டிக்குப் பெயர் பல்பெட்டி.

தலையணை விவகாரத்துக்குப் பிறகு அத்தை அந்தச் சில்லுகளை அழகுக்குப் பயன்படுத்தவில்லை. அடையாளத்துக்குப் பயன்படுத்தினாள். சலவை அறையில் வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. குளியல் துண்டின் ஓரத்தில் அலை, சமையலறைத் துணியில் படிக்கட்டு, தரை துடைப்பதில் அம்பு, விருந்தாளிகளின் படுக்கையில் பிறை. தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தால் எது எந்தக் குவியலுக்கு என்று தெரிந்துவிடும். "என் காலத்துல அடுப்படித் துணி ஒரு நாளும் ஒருத்தர் மூஞ்சிக்குப் போனதில்ல," என்பாள் அத்தை. தன்னைப் பற்றி அவள் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். வேலையை விட்டு வரும்போது பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மெஷினையும் பல்பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, செருப்புத் தைக்கும் கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவில் ஒரு அறையில் இருக்கிறாள். முன்பக்கம் தையல், திரைக்குப் பின்னால் கட்டிலும் அடுப்பும்.

நான் ஆறு வருடம் வெளியே இருந்தேன். பழம் பறித்தேன், கப்பலில் பாத்திரம் கழுவினேன், மூன்று நாட்டு விடுதிகளில் படுக்கை விரித்தேன். எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. அது அம்மா இருந்தபோதே எல்லாருக்கும் தெரிந்ததுதான். போனில் அப்பாவிடம் வாரம் ஒருமுறை பேசுவேன். "அந்த ஊர் எப்படி இருக்கு, சொல்லு," என்பார். நான் அனுப்பிய போட்டோக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நானும் கவனிக்கவில்லை. போன மாதம் திரும்பி வந்து வாசலில் நின்று சிரித்தபோது, அப்பா என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "யாரு?" என்றார்.

அப்பாவுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு போய்விட்டது. இனித் திரும்பாது. வெளிச்சமும் நிழலும் தெரியும். ஒரு ஆள் நிற்கிறார் என்று தெரியும். நிறம் சுத்தமாகத் தெரியாது.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஓய்வுபெற்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் டிப்போ வாசலில் இருக்கும் டீக்கடையில் கூடுவார்கள். அப்பா ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. நான் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, அப்படி ஒரு சனிக்கிழமை, ஜன்னல் கம்பிக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கும்போது போட்டிருந்த சட்டையைத் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கடையில் ஒருவர், "என்ன டிரைவரே, பெயின்ட் வேலைக்குப் போறீங்களா? சொல்லவே இல்ல," என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் வாசற்படி தாண்டவில்லை.

இதை எனக்குச் சொன்னது கண்டக்டர் மாமா. அப்பாவின் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் கூடவே வந்தவர். நான் வந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு வந்திருந்தார்.

"இந்தா பாருங்க டிரைவரே, வர்ற முதல் சனிக்கிழமை நீங்க வரலன்னா நாங்க பதினாலு பேரும் இங்க வந்துடுவோம்."

"வாங்க. கதவைத் திறக்கமாட்டேன்."

"முன் கதவா, பின் கதவா?"

"ரெண்டும்."

சனிக்கிழமைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. மாமா போன பிறகு நான் அப்பாவிடம், தினமும் நானே சட்டை எடுத்து வைக்கிறேன் என்றேன். "என்னை யாரும் உடுத்திவிட வேண்டாம்," என்றார். பத்து வெள்ளைச் சட்டை வாங்கிவிடலாம் என்றேன். "பள்ளிக்கூடத்துக்கா போறேன்?" என்றார். வரிசைப்படி தொங்கவிட்டுப் பார்த்தேன். துவைத்து மடித்து வந்ததும் வரிசை குலைந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. அவருக்குச் சட்டை ஒரு பெரிய விஷயமே இல்லை. தானே அலமாரியைத் திறந்து, தானே எடுத்து, தானே போட்டுக்கொண்டு, சந்தேகமில்லாமல் தெருவில் இறங்க வேண்டும். அது முடியாவிட்டால் தெருவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவள் வாயிலிருந்த ஊசியை எடுக்காமலே கேட்டாள். பிறகு எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "இதுக்கா நாலு மாசமா உட்கார்ந்திருக்கான்? முட்டாப்பய. எங்கிட்ட சொல்லியிருந்தா நாலு நாள் வேலை. எல்லாச் சட்டையையும் கொண்டா," என்றாள்.

பதினோரு சட்டையையும் ஆறு பேன்ட்டையும் மூட்டை கட்டிக் கொண்டுபோனேன். மூன்று நாளில் முடித்துவிட்டாள். ஒவ்வொரு சட்டையின் உள்பக்கத்திலும், கீழ் மடிப்பில், விரல் நீளத்துக்கு ஒரு தையல். நீலத்துக்கு அலை, சாம்பலுக்குப் படிக்கட்டு, கட்டம் போட்டதற்கு அம்பு, வெள்ளைக்குப் பிறை. ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம், என்ன சுத்தம். சட்டையின் நிறத்திலேயே நூல் எடுத்து, வெளியே துளிகூடத் தெரியாமல் தைத்திருந்தாள். முப்பத்தாறு வருடத்துத் திறமை முழுவதும் அந்த மடிப்புகளுக்குள் இருந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சட்டையின் மடிப்பைத் தடவினார். இன்னொன்றைத் தடவினார். மறுபடி முதலாவதைத் தடவினார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? இது அலைடா. அது படிக்கட்டு. மெதுவாத் தடவு."

"மெதுவாத்தான் தடவுறேன். ரெண்டும் தையலாத்தான் இருக்கு."

"படிக்கட்டுக்கு மூலை இருக்குமேடா. கூரா, தெளிவா இருக்கே."

"உனக்குக் கண்ணு இருக்குக்கா," என்றார் அப்பா.

கோபமாகச் சொல்லவில்லை. சட்டையை மடித்து அவள் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை அந்தச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். வழக்கமாகக் கிளம்பும்போது வாசலிலிருந்து ஒரு வசவாவது வரும். அன்று வரவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது கடைத் திரை பாதி இறங்கியிருந்தது. உள்ளே அத்தை கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் துணி. பழைய துண்டுகள், விடுதியிலிருந்து கொண்டுவந்த மாதிரித் துணிகள், திரையில் வெட்டியது, மேசை விரிப்பின் மூலை. ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றாள். அப்பா வாசலில் கேட்ட மாதிரியே இருந்தது.

"நான்தான் அத்தை."

"வா. மிதிச்சிடாத. ஒண்ணுமே தெரியலடி எனக்கு. என் கையால தெச்சதுதான் எல்லாம். அலையும் பிறையும் ஒண்ணு. அம்பும் படிக்கட்டும் ஒண்ணு. இத்தனை வருஷமும் இதெல்லாம் வேற வேறன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து குவியலிலிருந்து ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தேன். அவள் இல்லை, இல்லை, இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அடியில் ஒரு பழுப்பேறிய தலையணை உறை இருந்தது. கொடுத்தேன். அவள் கட்டைவிரல் துணியின் குறுக்கே போய், நடுவில் நின்றது. திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் நின்றது.

"இது என்னது?" என்றாள். பிறகு அவளுக்கே தெரிந்துவிட்டது. கண்ணிலிருந்து துண்டை மேலே தள்ளிவிட்டு அதைப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வருடத்துக்கு முன்பு பிரிக்கச் சொன்ன நாற்பதில் முப்பத்தொன்பதைப் பிரித்தவள், ஒன்றைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். இத்தனை நாளும் அது இருப்பது யாருக்கும் தெரியாது.

"உங்க தம்பிக்குத் தெரியுமா, இது இருக்கறது?"

"தெரிஞ்சா நான் இந்த ஊர்ல இருக்க முடியுமா?" என்றாள். அந்தக் கோட்டை இன்னொருமுறை தடவினாள். "எவ்வளவு உறுத்துது பாரேன்," என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அந்தக் கோட்டைப் போட்ட கருவி பெட்டியின் அடியில், எண்ணெய்த் தாளில் சுற்றியபடி கிடந்தது. ஒரு வெட்டுக்கிளி அளவு இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷினின் காலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை மாட்ட வேண்டும். அதிலிருந்து கவட்டை போல ஒரு கை நீண்டு, ஊசியைப் பிடித்திருக்கும் திருகின் மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கையும் ஏறி இறங்கும். அதோடு சேர்ந்து, முன்னால் இருக்கும் இரண்டு சின்ன விரல்கள் இடமும் வலமும் வீசும். விரல் நுனிகளில் ஓட்டை, ஓட்டைக்குள் தடித்த நூல். ஊசி அந்தத் தடித்த நூலைத் துணியின் மேல் வைத்துக் கட்டிப்போட்டுக்கொண்டே போகும். சாதாரணத் தையல் துணிக்குள் புதைந்துவிடும். இது துணியின் மேல் படுத்துக்கொண்டிருக்கும்.

தடித்த நூலுக்கு அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் கண் என் தலையில் வந்து நின்றது. பனி பெய்யும் ஊரில் வாங்கிய கம்பளித் தொப்பியை நான் பழக்கத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

"இது இனிமே உனக்கு வேணுமா?"

"சூடா இருக்கு அத்தை."

"இங்க என்ன பனியா பெய்யுது? கழட்டு."

தொப்பியை விளிம்பிலிருந்து பிரித்து உருண்டையாகச் சுற்றினாள். அடர் சிவப்பு. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அவளே வீட்டுக்கு வந்தாள். ஒரு துணித் துண்டில் கம்பளி நூலால் அலை, இன்னொன்றில் படிக்கட்டு மாதிரி, இன்னொன்றில் நேர்கோடு. அப்பாவின் முழங்காலில் வைத்தாள்.

"இப்ப சொல்லு."

அப்பா தடவினார். "இருக்கறது தெரியுது. கம்பளிப்பூச்சி மாதிரி."

"எந்தப் பூச்சி? வளைஞ்சதா, நேரா?"

"பூச்சின்னா பூச்சிதான். நான் என்ன அதுக்குப் பேரா வெக்கப்போறேன்?" என்றவர், விரலை எடுக்காமல் கொஞ்சம் யோசித்தார். "அக்கா, உருவம் தெரியல. ஆனா எங்க இருக்குன்னு தெரியுது. இது மேல ஏறி, இடதுபக்கமா இருக்கு. இல்லையா?"

"ஆமா."

அவருடைய இடது கை நாற்காலிக்குப் பக்கத்தில் காற்றில் எழுந்தது. எதையோ பிடித்து, இடது மேலே தள்ளியது. கீழே இழுத்தது. நடுவுக்கு வந்து, வலது மேலே தள்ளியது. நேர் கீழே இழுத்தது. நான் சின்ன வயதில் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு போவேன்.

"முப்பத்து மூணு வருஷம்," என்றார் அப்பா. "ஒரு நாளாவது குனிஞ்சு பாத்துக் கியர் போட்டிருப்பேனா?"

அத்தைக்கு பஸ்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்காக அப்பா தரையில் விரலால் வரைந்து காட்டினார். ஒரு சின்னச் சதுரம். இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு இருந்தால் முதல் கியர். இடது கீழே இரண்டாவது. வலது மேலே மூன்றாவது. வலது கீழே நான்காவது. சட்டை எந்தக் கியரோ அதே கியர் பேன்ட் அதற்குப் பொருந்தும். ஒன்றுமே இல்லாத வெறும் சதுரம் நியூட்ரல்; வெள்ளைச் சட்டை, எதோடும் போகும்.

"பெயின்ட் சட்டை?" என்று கேட்டேன்.

"அது ரிவர்ஸ்," என்றார். "குறுக்கால பெருசா ஒரு கோடு போட்டுடு அக்கா. கை பட்டதும் திரும்ப உள்ள வெச்சிடுவேன்."

"என்ன கலர்ல போடட்டும்?"

"எங்கிட்டயா கேக்கற?"

"அட ஆமா. உனக்குப் பச்சையா இருந்தா என்ன, சிவப்பா இருந்தா என்ன," என்றாள் அத்தை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, என்னைப் பார்த்தாள். அப்பா சிரித்துவிட்டார். நான் வந்த பிறகு அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மெஷினை எங்கள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தோம். செருப்புக் கடைக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். அத்தை ஒவ்வொரு சதுரத்தையும் தனித் துணியில் தைத்தாள். அவ்வளவு சின்னக் கோட்டை மிதித்துத் தைக்க முடியாது. சக்கரத்தைக் கையால் உருட்டி, எட்டே குத்து எண்ணி, கம்பளி நூலின் முனையைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். பிறகு சதுரத்தைச் சட்டைக்குள், கடைசிப் பொத்தானுக்குப் பக்கத்து மடிப்பில் வைத்துத் தைக்க வேண்டும். பேன்ட்டுக்கு வலது பாக்கெட்டின் வாயில், உள்பக்கமாக.

முதல் சட்டையை வாங்கி அப்பா மடிப்பைத் தடவினார். "இது நாலாவது."

"முதலாவதுடா. கட்டம் போட்ட சட்டை."

"நாலாவது கியர்ல வண்டியை எடுக்கச் சொல்றியா? அப்படியே நின்னுடும்."

சதுரத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தாள். முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். பிரிக்கும்போது, "எனக்கு ராசி இதுதான். இந்தக் கருவியை மாட்டினா பிரிக்காம விடாது," என்றாள்.

"அன்னைக்கு நாப்பது. இன்னைக்கு ஒண்ணுதானே. முன்னேறிட்ட."

அதன் பிறகு தலைகீழாகவில்லை. ஆனால் எல்லாம் முடிய ஆறு நாள் ஆயிற்று. பழகுவதற்கு என்று, எல்லாக் கியரையும் ஒரே துணியில் வரிசையாகப் போட்டுத் தந்தாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்டது அந்தப் பழைய தலையணை உறையைத்தான். பழைய கோடு நடுவில் அப்படியே இருக்க, அதற்கு மேலும் கீழும் சிவப்புக் கம்பளியில் கியர்கள். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த நடுக்கோடு என்ன கியர்?" என்று கேட்டார்.

அத்தை தலையைத் தூக்கவில்லை. "அது கியர் இல்ல. சும்மா. துணி பழசு."

முதல் சனிக்கிழமை வந்தது. கண்டக்டர் மாமா நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றரைக்கு அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை கூடத்தில் மெஷினின் ஒவ்வொரு திருகாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிலும் தூசி இல்லை. அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்தேன். அத்தை என் புடவை நுனியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மாமா வந்து வாசலில் நின்றார். மூவரும் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு பத்து. நான்கு இருபது.

கதவு திறந்தது. சாம்பல் சட்டை, கறுப்பு பேன்ட். இரண்டாவது கியர். பொத்தான்கள் சரியாக இருந்தன. தலையைக்கூட வாரியிருந்தார்.

"யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது," என்றார். "கலர் என்னன்னும் சொல்லக்கூடாது. எனக்குத் தெரியும்."

மாமா மட்டும் இருமினார். அப்பா செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு, சுவரில் கை வைக்காமல் வாசற்படியைத் தாண்டினார். தெருவில் இறங்கி நின்று, "என்ன கண்டக்டரே, டிக்கெட் எல்லாம் போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு டிரைவரே. ரைட்," என்றார் மாமா.

அப்பாவின் கை மாமாவின் முழங்கையில் இருந்தது. தெருமுனை திரும்பும்வரை நானும் அத்தையும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் உள்ளே போய், கழற்றிய திருகுகளையெல்லாம் மறுபடி மாட்டத் தொடங்கினாள். இரண்டு திருகு மிஞ்சியது. எங்கே கழற்றினோம் என்று அவளுக்கு நினைவில்லை.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். அத்தை அவர் உட்காரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"எதைப் பத்தி?"

"சட்டையைப் பத்திடா."

"ஒண்ணும் சொல்லல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல. டயர் விலை பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க. அப்புறம் யாருக்கோ முழங்கால் ஆபரேஷன். எனக்குக் கண்ணு போச்சுன்னு நானே சொன்னேன். ரெண்டு நிமிஷம் உச்சுக்கொட்டிட்டு மறுபடி முழங்காலுக்குப் போயிட்டாங்க."

அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆறு நாள் சக்கரத்தைக் கையால் உருட்டியவள். ஆனால் முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போனது.

அப்பா களைத்துப்போயிருந்தார். சட்டையைக்கூட மாற்றாமல், நாற்காலியிலேயே அந்தத் தலையணை உறையைச் சுருட்டிக் கன்னத்துக்கு அண்டக்கொடுத்துக்கொண்டு தூங்கிவிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். அரை மணி கழித்து அத்தை மெதுவாக வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்பா விழித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கன்னத்தில், காதுக்குப் பக்கத்திலிருந்து வாய்வரை, ஆழமாக, நேராக ஒரு கோடு.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நாற்பத்து நான்கு வருடமாக அவள் காத்துக்கொண்டிருந்த வாய்ப்பு அது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள்.

"என்ன சத்தம் அங்க?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லடா. சாப்பிட வா."

அவர் எழுந்து வந்தார். வரும் வழியில் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. விரல் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து, காதிலிருந்து வாய்வரை ஒருமுறை போய் வந்தது. அப்பா நின்றார். திரும்பி, நாற்காலியில் கிடந்த உறையை எடுத்து, நடுக்கோட்டைத் தடவினார்.

"அக்கா," என்றார், ரொம்ப நிதானமாக. "இது அந்த நாப்பதுல ஒண்ணா?"

நான் ஊர் ஊராகச் சுற்றிய ஆறு வருடமும் என் அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தாள். இப்போது அவள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். அப்பா தட்டுக்கு முன்னால் வந்து உட்காரும்வரை அவள் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.